கை எடுக்காமல் ஒரு சிரிப்பு

டெக்ஸ்ட் எடிட்டரிலேயே பொழுதைக் கழிப்பவர்களுக்கு மவுஸ் என்றால் கொஞ்சம் அலர்ஜி. பத்து விரலும் விசைகளின் மேல் ஒழுங்காகப் படிந்திருக்கும். வாக்கியம் பாதி ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு கையை எடுத்து மேசை ஓரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். வெறும் பழக்கதோஷம் என்று தள்ளிவிட வேண்டாம். இந்தச் சுளிப்புக்கு 1980இலேயே விலை போட்டுவிட்டார்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்த ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆலன் நியூவெல் ஆகிய மூவரும், கணினி முன் உட்கார்ந்திருக்கும் மனிதரின் வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று கணக்கிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த வேலைகளில் முக்கியமானது எடிட்டரில் உரையைத் திருத்துவதுதான்.

நல்ல வேகத்தில் தட்டச்சு செய்பவருக்கு ஒரு விசையை அழுத்த 0.2 விநாடி. விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இடையே கை ஒரு தடவை போக 0.4. மவுஸால் திரையில் ஓர் இடத்தைக் குறிவைக்க 1.1. இதெல்லாம் உடம்பின் கணக்கு. மனத்தின் கணக்கு தனி: அடுத்து என்ன என்று ஒரு கணம் நின்று யோசிக்க 1.35 விநாடி. இந்த 1.35ஐ 0.2ஆல் வகுத்துப் பாருங்கள். ஏழுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது, ஒரே ஒரு தயக்கத்துக்கு ஆகும் நேரத்தில் ஏறத்தாழ ஏழு விசைகளைத் தட்டி முடித்துவிடலாம். எடிட்டருக்கு எமோஜித் தேர்வுப் பெட்டி ஒன்றை வடிவமைக்க உட்காருகிறவர் வேறு எதை மறந்தாலும் இந்த வகுத்தலை மறக்கக் கூடாது.

முதலில் மவுஸ் வழியைக் கூட்டிப் பார்ப்போம். எமோஜி ஒன்று போடலாம் என்று தோன்றுகிறது (1.35). கை மவுஸுக்குப் போகிறது (0.4). பொத்தானைக் குறிவைத்து (1.1) சொடுக்குகிறோம் (0.2). திறந்த பெட்டியில் வேண்டிய முகத்தைக் குறிவைத்து (1.1) சொடுக்குகிறோம் (0.2). கை திரும்புகிறது (0.4). மொத்தம் 4.75 விநாடி. ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே வேண்டியது எங்கே என்று கண் அலையும் நேரம் இதில் சேரவில்லை. விசை வழியில், பெட்டியைத் திறக்க இரண்டு விசை, பெயரில் மூன்று எழுத்து, கடைசியில் என்டர்: ஆறு விசைக்கு 1.2 விநாடி, தொடக்க யோசனையோடு 2.55. ஏறக்குறையப் பாதி. ஆனால் நடுவில் இன்னும் இரண்டே இரண்டு தடவை தயங்கினால் 5.25 ஆகிவிடும், அதற்கு மவுஸே தேவலை. விசையால் இயங்குகிறது என்பதாலேயே ஒரு பெட்டி வேகமானதாகிவிடாது. தயங்க வைக்காமல் இருந்தால்தான் வேகம்.

எமோஜி பிறந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1999இல் ஜப்பானின் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக ஷிகெடாகா குரிடா 176 படங்களை உருவாக்கினார். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிக் கட்டம். (முதல் என்ற பட்டத்துக்குப் போட்டி உண்டு. 1997இலேயே ஜே-ஃபோன் கைப்பேசி ஒன்றில் 90 படங்கள் இருந்தன.) 176ஐ நாலைந்து திரைகளில் பரப்பிவிடலாம், தேடல் என்ற பேச்சே எழாது. 2010இல் யூனிகோடின் 6.0 பதிப்பு எமோஜிகளை உலகப் பொது எழுத்துகளாக ஏற்றுக்கொண்டது. பிறகு வருடாவருடம் சேர்ந்துகொண்டே போய், 2024 செப்டம்பரில் வந்த 16ஆம் எமோஜிப் பதிப்பில் எண்ணிக்கை 3,790ஐத் தொட்டது. இதில் ஏறத்தாழப் பாதி, ஒரே படத்தின் தோல்நிற வேறுபாடுகள். நல்ல பெட்டி அவற்றைப் பட்டியலில் கொட்டாது. உங்கள் நிறம் எது என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு படத்துக்கு ஒரு வரிதான் காட்டும். இந்த ஒரு முடிவிலேயே பாதிக் கூட்டம் கலைந்துவிடும்.

மிச்சமிருப்பதில் ஒன்றைக் குறிப்பிட எத்தனை விசை வேண்டும்? விடை ஆச்சரியமாக இருக்கும். ஆங்கில விசைப்பலகையில் 26 எழுத்துகள். இரண்டு விசைகளால் 676 சேர்க்கைகள், மூன்றால் 17,576. முழு 3,790க்கும் மூன்று விசையே தாராளம். இன்னும் குறைக்கவும் முடியும், ஏனென்றால் எல்லா எமோஜியும் சமமாகப் புழங்குவதில்லை. யூனிகோடு கூட்டமைப்பு 2021இல் சொன்ன கணக்கு இது: சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வரும் அந்த முகம் ஒன்று மட்டுமே மொத்தப் பயன்பாட்டில் 5 சதவீதத்துக்கு மேல், முதல் 100 எமோஜிகள் சேர்ந்து சுமார் 82 சதவீதம். கொடிகளோ எண்ணிக்கையில் பெரிய கூட்டம், பயன்பாட்டில் கடைசி. அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியீடு என்று கொடுத்தால் சராசரி நீளம் குறையும் என்பது கிளாட் ஷேனன் 1948இல் நிறுவிய தகவல் கோட்பாட்டின் பாலபாடம். அதன்படி பார்த்தால் சராசரியாக இரண்டு விசைக்குள் காரியம் முடிந்துவிடும்.

கணிதம் முடிந்தது. அந்தக் குறியீடுகளை யார் மனப்பாடம் செய்வது என்ற கேள்வி பாக்கி. விம் எடிட்டரில் இப்படி ஒரு வசதி வெகுகாலமாக இருக்கிறது. கண்ட்ரோல்-கே அழுத்தி, இரண்டு எழுத்துத் தட்டினால் ஒரு விசேஷக் குறி வரும். பெரிய ஈ, சின்ன யூ என்று தட்டினால் யூரோ குறி. அடிக்கடி யூரோ எழுதுபவருக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. மற்ற நூற்றுக்கணக்கான குறிகளுக்கு அவரும் உதவிப் பக்கத்தைத்தான் புரட்ட வேண்டும். விசைகளைச் சிக்கனப்படுத்தி யோசனையை ஊதாரித்தனமாகச் செலவழிக்கும் வடிவமைப்பு இது. நம் வகுத்தலின்படி நாலு விசை கூடினாலும் பரவாயில்லை, ஒரு தயக்கம் குறையட்டும்.

இன்னொரு வழி, மரக்கிளை போன்ற மெனு. 2023 ஜூலையில் வெளியான ஈமேக்ஸ் எடிட்டரின் 29ஆம் பதிப்பு இதைச் செய்து காட்டியது. கண்ட்ரோல்-எக்ஸ், 8, ஈ ஆகிய மூன்றும் எமோஜிக்கான வாசல். அதற்குப் பிறகு இன்னொரு ஈ தட்டினால் வகைகள் விரியும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு விசை, அதற்குள் உட்பிரிவுக்கு ஒரு விசை, அதற்குள் படத்துக்கு ஒரு விசை. வாசலில் ஈக்குப் பதில் எஸ் தட்டினால் பெயரால் தேடல்; ஆர் தட்டினால் அண்மையில் போட்டவை; கர்சர் நிற்கும் எமோஜியின் பெயர் என்ன என்று கேட்க டி. எமோஜி போடுவதற்கு மட்டுமல்ல, யாரோ போட்ட எமோஜி என்ன என்று புரிந்துகொள்ளவும் ஒரு விசை வைத்தது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். வேறு பல பெட்டிகளில் அது இல்லை.

மெனுவில் இறங்கும்போது விசை எண்ணிக்கை குறைவுதான். ஆனால் நெருப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். பொருள்களிலா, இயற்கையிலா? யூனிகோடு பட்டியலில் அது ‘பயணமும் இடங்களும்’ என்ற வகையில், வானமும் வானிலையும் என்ற உட்பிரிவுக்குள், மின்னலுக்கும் வானவில்லுக்கும் கூட்டாளியாக இருக்கிறது. தீபாவளிக்குப் போடும் அகல் விளக்கு 2019இல் சேர்ந்தது; அது இருப்பது திரைப்படக் கேமராவும் தொலைக்காட்சியும் இருக்கும் ‘ஒளியும் காணொளியும்’ பிரிவில். இதயங்களைக் குறியீடுகளில் தேடினால் கிடைக்காது. அவை முகங்களோடு சேர்ந்துவிட்டன. வகைப்படுத்தியவர்களுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். தேடுபவருக்கு ஒவ்வொரு படியும் ஓர் ஊகம், ஒவ்வொரு ஊகமும் 1.35 விநாடி, தப்பாகப் போனால் திரும்பி வர இன்னொன்று. மெனு என்பது உலாவ நல்லது; வேண்டியது இன்னதென்று தெரிந்தவர் அதில் இறங்கக் கூடாது.

ஆகவே பெயர். மனத்தில் ‘நெருப்பு’ என்று தோன்றியவருக்கு அந்தச் சொல்லைத் தட்டுவதற்குத் தனி யோசனை தேவையில்லை. அது ஏற்கனவே நாக்கு நுனியில் இருக்கிறது. ஆனால் எமோஜிகளின் அதிகாரப்பூர்வப் பெயர்களை நம்பிப் பெட்டி கட்டினால் கவிழும். யூனிகோடு ஓர் எழுத்துக்கு ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதே இல்லை. எழுத்துப் பிழை இருந்தாலும் அப்படியே நிற்கும். மூக்கிலிருந்து இரு பக்கமும் ஆவி கிளம்பும் முகத்தைப் பார்த்தால் நாம் கோபம் என்போம். அதன் பதிவுப் பெயர் ‘வெற்றிப் பெருமிதம் காட்டும் முகம்’. ஜப்பானியப் படக்கதை மரபில் அந்த மூச்சுக்கு அதுதான் பொருள். ஒரு கையைத் தட்டுப்போல ஏந்தி நிற்கும் பெண்ணின் பதிவுப் பெயர் ‘தகவல் மேசை ஊழியர்’. அப்படி யாராவது தேடுவார்களா?

இதற்கு மருந்தாக, பெயரோடு சேர்த்துத் தேடுசொற்களையும் கொடுக்கும் ஒரு பொதுத் தரவுத் தொகுப்பை யூனிகோடு கூட்டமைப்பே நடத்துகிறது. சி-எல்-டி-ஆர் என்பது அதன் சுருக்கப் பெயர். தமிழ் உட்படப் பல மொழிகளில் எமோஜிக்கான பெயரும் தேடுசொற்களும் அதில் உண்டு. பெட்டியின் அடித்தளம் அதுவாக இருக்கட்டும். அதற்கு மேல், பயன்படுத்துகிறவர் தன் சொந்தப் பெயர்களைச் சேர்க்க ஒரு சின்னக் கோப்பு. ‘போட்டுத்தள்ளு’ என்று தட்டினால் பட்டாசு வர வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் வரட்டும். அது அவருக்கும் அவர் எடிட்டருக்கும் இடையிலான விவகாரம். பெட்டியை எழுதியவர்களில் பலர் இந்தக் கோப்பைக் கடைசி நேர அலங்காரமாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அடிக்கடி எமோஜி போடுபவருக்கு வேறெந்த வசதியையும்விட இதுவே அதிக விநாடிகளை மிச்சப்படுத்தும்.

பெட்டியை எப்படித் திறப்பது என்பதில் இரண்டு கட்சி. அரட்டைச் செயலிகளும் கிட்ஹப்பும் பழக்கிவிட்ட வழி, முக்காற்புள்ளி போட்டுப் பெயரைத் தொடங்குவது. எழுதுகிற ஓட்டத்திலேயே முடிந்துவிடும், மனத்துக்குத் தனிச் சுமை இல்லை. ஆனால் எடிட்டர் என்பது அரட்டைப் பெட்டி அல்ல. பைத்தானில் நிபந்தனை வரிகள் முக்காற்புள்ளியில் முடியும். சி++ மொழியில் இரண்டு முக்காற்புள்ளிகள் ஒட்டி வரும். மணி 10:30 என்று எழுதினாலும் அது வரும். ஒவ்வொரு தடவையும் பெட்டி எட்டிப் பார்த்தால் தொல்லை. முன்னால் இடைவெளியோ வரித் தொடக்கமோ இருக்க வேண்டும், பின்னால் இடைவெளியின்றி இரண்டு எழுத்தாவது வர வேண்டும் என்று விதி வைத்தால் பெரும்பாலும் அடங்கும். பெரும்பாலும்தான். ஈமேக்ஸ் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும் லிஸ்ப் மொழியில் முக்காற்புள்ளியில் தொடங்கும் சொற்கள் சர்வசாதாரணம், ரூபியிலும் அப்படித்தான். உரைநடைக் கோப்புகளுக்கு முக்காற்புள்ளி, நிரல் கோப்புகளுக்கு வெளிப்படையான குறுக்குவிசை என்று கோப்பின் வகையைப் பார்த்துப் பிரித்துவிடுவதே சண்டையில்லாத வழி.

இனி தேடல். தட்டிய எழுத்துகள் அதே வரிசையில், நடுவில் எது விடுபட்டிருந்தாலும், பெயருக்குள் இருந்தால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வது இப்போதைய வழக்கம். நிரலர்களிடையே பரவலாகப் புழங்கும் எஃப்-இசட்-எஃப் என்ற தேடுகருவி, பொருத்தங்களுக்கு மதிப்பெண் போட ஸ்மித்-வாட்டர்மன் முறையின் ஒரு திருத்திய வடிவத்தைப் பயன்படுத்துகிறது. டெம்பிள் ஸ்மித்தும் மைக்கேல் வாட்டர்மனும் 1981இல் அதை உருவாக்கியது டிஎன்ஏ, புரதம் போன்றவற்றின் நீளத் தொடர்களில் ஒத்த பகுதிகளைக் கண்டுபிடிக்க. இரண்டு உயிரிகளின் மரபணுக்களில் எந்தப் பகுதி ஒத்துப்போகிறது, எங்கே இடையில் எழுத்து விழுந்திருக்கிறது என்று பார்க்கும் கணக்கு, அவசரத்தில் எழுத்தை விழுங்கித் தட்டும் விரல்களுக்கும் பொருந்திவிட்டது. அடுத்தடுத்து ஒட்டி வரும் எழுத்துகளுக்குக் கூடுதல் மதிப்பெண், சொல்லின் தொடக்கத்தில் பொருந்தினால் கூடுதல், இடைவெளி விழுந்தால் கழிவு. நாலாயிரம் பெயர்களை இப்படிச் சல்லடை போடுவது இன்றைய கணினிக்கு ஒரு பொருட்டே அல்ல. பத்தில் ஒரு விநாடிக்குள் விடை வந்தால் அது உடனே வந்ததாகவே மனிதருக்குத் தோன்றும் என்று ராபர்ட் மில்லர் 1968இலேயே எழுதியிருக்கிறார். அந்த வரம்புக்குள் எளிதாக நிற்கலாம்.

தமிழில் தேடும்போதுதான் விளையாட்டு சுவாரசியமாகிறது. கணினிக்கு ‘பல்’ என்பது ப, ல, புள்ளி என மூன்று எண்கள். இந்த மூன்றும் இதே வரிசையில் ‘பகல்’ என்ற சொல்லிலும் இருக்கின்றன, ‘பாறாங்கல்’லிலும் இருக்கின்றன. பல் எமோஜி உண்டு, பாறை எமோஜியும் உண்டு. மதிப்பெண் கணக்கு சரியாக இல்லாவிட்டால் பல்லைக் கேட்டவர் முன் பாறை வந்து நிற்கும். ‘கொசு’வில் வேறு சிக்கல். கொம்பும் காலும் சேர்ந்த அந்த ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடுசொல் ஒரு விதமாகவும் பெயர்ப்பட்டியல் இன்னொரு விதமாகவும் இருந்தால் கொசு சிக்கவே சிக்காது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அதற்கான விதிகளை யூனிகோடே தருகிறது. அழைக்க மறப்பதுதான் நடக்கிறது.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. பெட்டி ஒவ்வொரு விசைக்கும் பட்டியலைப் புதுப்பிக்கும். தமிழ்99 முறையில் ‘மீன்’ தட்டும்போது முதல் விசைக்கு ‘ம’ வரும், அடுத்து ‘மீ’. ம என்ற எண் மீன் என்ற சொல்லின் தொடக்கத்திலேயே இருப்பதால் பட்டியல் ஒழுங்காகச் சுருங்கும். ஆங்கில எழுத்தொலியை வைத்துத் தட்டும் முறைகளில் முதல் விசைக்கு வருவது ‘ம்’. உயிரெழுத்து விசை விழுந்த பிறகுதான் புள்ளி மறைந்து மீ ஆகும். ‘ம்’ என்று தொடங்கும் எமோஜிப் பெயர் எதுவும் கிடையாது. ஆகவே பெயரின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடும் பெட்டியில் முதல் விசைக்குப் பட்டியல் காலியாகி, அடுத்த விசைக்குத் திடீரென்று நிரம்பும். ஒவ்வொரு மெய்யிலும் இந்த மினுக்கல் திரும்பத் திரும்ப நடக்கும். மினுக்கும் பட்டியலைப் பார்த்தவர் ‘இல்லையோ’ என்று நின்றுவிடுவார். அங்கே போயிற்று 1.35. தீர்வு ஒரே வரி நிரல்: தேடுசொல்லின் கடைசி எழுத்தில் புள்ளி இருந்தால், ஒப்பிடும்போது அந்தப் புள்ளியைக் கணக்கில் எடுக்காதே. ஆங்கிலம் மட்டும் தட்டிச் சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிரச்சினை ஒருநாளும் படாது.

சரி, பட்டியல் வந்துவிட்டது. ‘சிரி’ என்று தட்டினால் பத்துப் பதினைந்து முகங்கள். எதை முதலில் வைப்பது? அடிக்கடி போடுவதையும் அண்மையில் போட்டதையும் மேலே கொண்டுவருவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அதற்கு ஆதாரமும் உண்டு. ஜான் ஆண்டர்சனும் லேல் ஸ்கூலரும் 1991இல், நாளிதழ்த் தலைப்புச் சொற்கள், குழந்தைகளிடம் பெற்றோர் பேசும் பேச்சு, மின்னஞ்சல் அனுப்பியவர்களின் பெயர்கள் ஆகியவற்றை எடுத்து, எத்தனை தடவை வந்தது, கடைசியாக எப்போது வந்தது என்ற இரண்டை வைத்தே அது மறுபடி வரும் வாய்ப்பைச் சொல்ல முடியும் என்று காட்டினார்கள். நம் நினைவும் அதே வடிவத்தில்தான் மங்குகிறது. ஆக, இயந்திரம் நம்மைக் கவனித்துக் கற்றுக்கொண்டு வரிசையை மாற்றிக்கொண்டே இருக்கலாமே?

கூடாது. இயந்திரம் கற்கும் அதே நேரத்தில் விரல்களும் கற்கின்றன. ‘சிரி, கீழ் அம்பு, என்டர்’ என்பது சில நாளில் விரலுக்குப் பாடமாகிவிடும். கண் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிடும். அந்தக் கணத்தில்தான் பெட்டியின் உண்மையான வேகம் தொடங்குகிறது, ஏனென்றால் யோசனைச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். மறுநாள் இயந்திரம் வரிசையை மாற்றி வைத்தால் கற்றதெல்லாம் வீண். தினமும் ராத்திரி யாரோ வந்து அதிகம் எடுத்த சாமான் முன்னால் வரும்படி அஞ்சறைப் பெட்டியை மாற்றி வைத்துவிட்டுப் போனால், காலையில் கடுகுக்குப் போன கை வெந்தயத்தை அள்ளும். மைக்ரோசாஃப்ட் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. ஆஃபீஸ் 2000இல் அடிக்கடி பயன்படுத்தாத கட்டளைகளை மெனு தானாக ஒளித்துக்கொள்ளும். 2007 பதிப்பில் ரிப்பன் வந்தபோது அந்த ஏற்பாடு போய்விட்டது. லியா ஃபின்ட்லேட்டரும் ஜோவன்னா மெக்ரெனெரும் 2004இல் செய்த சோதனையில், தானாக மாறும் மெனுவைவிட மாறாத மெனுவே வேகமாக இருந்தது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் விரும்பியது, தாங்களே மாற்றிக்கொள்ளக்கூடிய மெனுவை.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஆண்ட்ரூ சியர்ஸும் பென் ஷ்னைடர்மனும் 1994இல் ஆராய்ந்த பிளவு மெனு: அதிகம் வேண்டியவை மேலே தனிப் பகுதியில், மற்றவை கீழே தங்கள் வழக்கமான ஒழுங்கில். எமோஜிப் பெட்டிக்கு இதை நான் இப்படி மாற்றுவேன். எதுவும் தட்டாமல் திறந்தால் அண்மையில் போட்டவை வரட்டும்; அது மாறுவது தெரிந்த வரிசை, யாரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார்கள். தேடுசொல் தட்டினால் மட்டும் வரிசை கல்லில் செதுக்கியதாக இருக்கட்டும், ஒரே ஒரு விதிவிலக்குடன்: ‘சிரி’ என்ற சொல்லுக்கு நான் மூன்றாவது முகத்தைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த தடவையிலிருந்து அதே சொல்லுக்கு அது முதலில். நானே வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் வரை அங்கேயே. மற்றவை இடம்பெயரக் கூடாது. இயந்திரம் கற்கிறது, ஆனால் எப்போது கற்றது என்று எனக்குத் தெரியும்.

பெட்டி திறந்திருக்கும்போது தட்டச்சு கர்சர் எடிட்டரை விட்டு நகரக் கூடாது. எழுத்துகள் தேடலுக்கு, அம்புகள் நகர்வுக்கு, என்டரும் டேபும் தேர்வுக்கு. வேறு மொழி உள்ளீட்டு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால், எழுத்தை முடிக்க அடித்த என்டரை எமோஜித் தேர்வு என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். சீனம், ஜப்பானிய மொழிகளில் தட்டச்சு செய்பவர்கள் இந்தப் பிழையை நன்கு அறிவார்கள். எஸ்கேப் தட்டினால் பெட்டி திறக்கும் முன் உரை எப்படி இருந்ததோ அப்படியே, முக்காற்புள்ளி உட்பட. அண்டூ ஒரே அடியில் எமோஜியைத் தூக்கிவிட்டு, தட்டிய பெயரை மீட்டுத் தர வேண்டும். திரைவாசிப்பானைக் கொண்டு வேலை செய்யும் பார்வையற்றவருக்கு, தேர்வு நகரும்போதெல்லாம் அந்தப் படத்தின் பெயர் காதில் விழ வேண்டும். பெயரை மையமாக வைத்துக் கட்டிய பெட்டியில் இது கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கும். படக்கட்டத்தை மையமாக வைத்துக் கட்டியதில் பின்னால் ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

என்டர் தட்டியாயிற்று. எடிட்டருக்குள் போவது என்ன? அப்பா, அம்மா, மகள், மகன் நால்வரும் நிற்கும் குடும்ப எமோஜியைப் பார்ப்போம். கண்ணுக்கு ஒரு படம். உள்ளே ஏழு எண்கள்: நாலு ஆட்கள், அவர்களை ஒட்டவைக்கும் கண்ணுக்குத் தெரியாத மூன்று இணைப்புக் குறிகள். யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் 25 பைட். யூடிஎஃப்-16 முறையில் எண்ணும் ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் இதன் நீளம் 11 என்று சொல்லும். பெட்டி இதை நுழைத்துவிட்டு, ‘ஒரு எழுத்துதானே’ என்று கர்சரை ஒரு படி மட்டும் நகர்த்தினால், கர்சர் அப்பாவின் உடலுக்குள் நிற்கும். அடுத்துத் தட்டும் எழுத்து அவரை இரண்டாகப் பிளக்கும். பிறகு கோப்பில் கேள்விக்குறிக் கட்டங்கள்தான்.

தமிழ் எழுதுபவருக்கு இது பழைய கதை. ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து எண்கள், கோப்பில் 15 பைட். மிகரத்துக்கு நடுவே கர்சரை நிறுத்தும் எடிட்டர் குடும்பத்துக்கு நடுவேயும் நிறுத்தும். இரண்டையும் பிளக்காமல் நகர்வதற்கான விதிகள் யூனிகோடின் ஒரே ஆவணத்தில் இருக்கின்றன. ஆனால் பேக்ஸ்பேஸ் விசையில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ‘மி’ என்று தட்டிவிட்டு ‘மீ’ ஆக்க நினைப்பவர், ஒரு பேக்ஸ்பேஸில் இகரக் குறி மட்டும் போய் ம மிஞ்ச வேண்டும் என்று எதிர்பார்ப்பார். குடும்ப எமோஜியில் அதே விதியைப் போட்டால் முதல் பேக்ஸ்பேஸில் மகன் மறைவான், பிறகு மகள், பிறகு அம்மா. வேடிக்கையாக இருக்கும், யாரும் அதைக் கேட்கவில்லை. அதனால் பேக்ஸ்பேஸுக்குத் தமிழில் ஒரு நீதி, எமோஜிக்கு ஒரு நீதி. முன்னோக்கி அழிக்கும் டெலீட் விசைக்கு மட்டும் இரண்டிலும் முழு எழுத்தும் போய்விடும். பெட்டியோடு சேர்த்து எடிட்டரின் இந்த மூலையையும் சோதிக்காதவர் வேலை முடியவில்லை.

முனையத் திரைக்குள் ஓடும் எடிட்டர்களில் இன்னொரு தலைவலி. அங்கே எல்லாம் சம அகலக் கட்டங்கள். எமோஜிக்குப் பொதுவாக இரண்டு கட்டம். குடும்ப எமோஜியை ஒட்டவைக்கத் தெரியாத முனையம் நால்வரையும் தனித்தனியாக நிறுத்தி எட்டுக் கட்டம் எடுத்துக்கொள்ளும். எடிட்டரோ இரண்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அந்த வரியில் அதற்கப்புறம் கர்சர் காட்டும் இடமும் எழுத்து விழும் இடமும் வேறு வேறு.

எழுத்துருவும் கைகொடுக்க வேண்டும். நாட்டுக் கொடிகளுக்குத் தனி எண் கிடையாது. 26 விசேஷ எழுத்துகளில் இரண்டைச் சேர்த்து நாட்டின் சுருக்கப் பெயரை எழுதினால் அது கொடியாக வரையப்படும். விண்டோஸின் எமோஜி எழுத்துரு நாட்டுக் கொடிகளை வரைவதில்லை. இந்தியக் கொடி போட்டால் ஐ, என் என்ற இரண்டு எழுத்துகளே தெரியும். ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் எமோஜிகளும் பழைய இயங்குதளங்களில் வெற்றுக் கட்டமாகத்தான் நிற்கும். இந்தக் கணினியால் வரைய முடியாதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. படத்துக்குப் பக்கத்தில் பெயரையும் எழுதி, ‘இங்கே தெரியாது’ என்று சின்னதாக ஒரு குறியும் போட்டால் போதும். கோப்பில் சேமிக்கப்படுவது எண்தான். அதைத் திறந்து படிப்பவரின் எழுத்துரு அதைப் படமாக வரைந்துகொள்ளும். எழுதியவர் திரையில் வெறும் கட்டம் இருந்தாலும் பெயரைப் பார்த்து என்டர் தட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம்.